லொறி வாடகையை எப்படிப் பிரித்தீர்கள்?

அன்புள்ள அண்ணாவுக்கு,

சொந்த ஊர் நுவரெலியா பக்கம் கந்தப்பளை. மொறட்டுவையில் பொறியியல் முடித்து, கொழும்பில் மென்பொருள் கம்பனியொன்றில் வேலை. வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க ஆசை. “தெற்காசியா, பொறியியலாளர், ஐடி, ஆண். உன்னைப் போல ஆயிரம் பேர் நிற்கிறார்கள்” என்கிறார் ஓர் ஆலோசகர். அம்மா கொழுந்து பறித்ததையும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) வளர்ந்ததையும் விண்ணப்பக் கட்டுரையில் எழுதினால்தான் தனியாகத் தெரிவேனாம். எழுதிப் பார்த்தேன், கூச்சமாக இருக்கிறது. 2022இல் வீட்டிலிருந்து வேலை செய்தபோது அயலவர்களின் மரக்கறியைச் சேர்த்து ஒரே லொறியில் தம்புள்ளை மொத்தச் சந்தைக்கு அனுப்பியதைத் தவிர, சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை. என்ன செய்யட்டும்?

வாசகர், கந்தப்பளை

அன்புள்ள தம்பி,

ஆட்கள் அதிகம் என்பதில் ஆலோசகர் பொய் சொல்லவில்லை. எம்.பி.ஏ.வுக்கு ஸ்டான்போர்ட் வருடத்துக்கு 400 சொச்சம் பேரையும் ஹார்வர்ட் 900 சொச்சம் பேரையும்தான் எடுக்கின்றன. அவர் சொன்ன வழிதான் எனக்குப் பிடிக்கவில்லை. மலையகத்திலிருந்து போகிற இப்படியான கட்டுரைகள் சில என் பார்வைக்கு வருவதுண்டு. லயம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பனி, அம்மாவின் கூடை, கடைசியில் மகனின் பட்டம். பக்கம் முழுக்க அம்மாதான் வேலை செய்கிறார். மகன் என்ன செய்தான் என்று தேட வேண்டியிருக்கிறது. இடம் கேட்பவனோ மகன்! உங்களுக்கு வந்தது நல்ல கூச்சம்.

லயத்தை மறைக்கச் சொல்லவில்லை. ஸ்டான்போர்ட், ஹார்வர்ட் இரண்டிலும் நிதியுதவி பெரும்பாலும் தேவையைப் பார்த்தே கிடைக்கிறது. சம்பளம், சேமிப்பு, கடன், வீட்டு நிலைமை எல்லாவற்றையும் நிதியுதவிப் படிவத்தில் சதக் கணக்கு வரை எழுதுங்கள். அங்கே கூச்சம் வேண்டாம்.

இனி லொறி. ஒரே வாக்கியத்தில் தட்டிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கோ கேள்விக்கு மேல் கேள்வி. டீசலுக்கு நாள் கணக்கில் வரிசையில் கிடந்த வருடம் அது. டீசலை யார், எப்படிப் பிடித்தார்கள்? வாடகையைக் கிலோவுக்குப் பிரித்தீர்களா, மூடைக்கா? லீக்ஸ் இடத்தைப் பிடிக்கும், கரட் நிறையைப் பிடிக்கும். இரண்டு பேரும் உங்களிடம் சண்டைக்கு வந்திருப்பார்களே! தம்புள்ளையில் விலை விழுந்த நாளில் நட்டம் யார் தலையில்? வழக்கமாகத் தோட்டத்துக்கே வந்து வாங்குகிற முதலாளி, விதைக்கும் உரத்துக்கும் முற்பணம் கொடுத்து வைத்திருப்பாரே, அவர் சும்மா இருந்தாரா? முதலில் விலகியவர் யார், ஏன் விலகினார்? லொறி இன்னும் ஓடுகிறதா? நின்றுபோயிருந்தால் அதையும் எழுதுங்கள். ஆலோசகர் இதை வாங்கி “விவசாயிகளை வலுவூட்டினேன்” என்று மாற்றித் தருவார். விடாதீர்கள். கட்டுரையைப் படிப்பவருக்கு உங்கள் தீர்மானம் தெரிய வேண்டும்: கையில் என்ன இருந்தது, எதை விட்டுக்கொடுத்தீர்கள், யார் கோபித்துக்கொண்டார்கள்.

ஹார்வர்ட் 2024இல் பழைய ஒற்றைக் கட்டுரையைக் கைவிட்டு மூன்று சிறு கட்டுரைகள் கேட்டது. ஒன்றுக்கு 300 சொல், மற்ற இரண்டுக்கும் 250. அதற்குள் வாழ்க்கை வரலாறு அடங்காது, ஒரு வாடகைச் சண்டை அடங்கும்.

மற்றவை சில்லறை விஷயங்கள். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான ஜீமெட்டின் (GMAT) புள்ளி இப்போது 205 முதல் 805 வரை. எல்லாப் புள்ளியும் 5இல் முடியும். பழைய தேர்வில் பலர் சொல்லும் 700ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வேறு அளவுகோல். புள்ளி 5 வருடம் செல்லும். பரிந்துரைக் கடிதத்துக்குக் கம்பனியின் பெரிய தலையிடம் போகாதீர்கள். நீங்கள் எங்கே சறுக்குவீர்கள் என்று தெரிந்த மேலாளர் போதும். பிரான்சின் வணிகப் பள்ளியான இன்சியாட்டையும் (INSEAD) பாருங்கள். 10 மாதப் படிப்பு, சம்பளமில்லாமல் இருக்கும் காலம் இரண்டு வருடப் படிப்பில் பாதிதான்.

விண்ணப்பங்களின் முதல் சுற்று பெரும்பாலும் செப்டெம்பரில் மூடிவிடும். ஜனவரி தொடக்கத்தில் வரும் இரண்டாவதைக் குறிவையுங்கள். அதற்குமுன் தீபாவளிக்கு ஊருக்குப் போவீர்கள்தானே? லொறியில் சேர்ந்தவர்களிடமும், முக்கியமாக விலகியவரிடமும், உட்கார்ந்து பேசுங்கள். கணக்குக் கொப்பி யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்கி வாருங்கள். முதல் வரைவை எனக்கு அனுப்பலாம், பார்த்துச் சொல்கிறேன்.