தக்காளிக் காயின் அடி கருகுவது நோய் இல்லை

வணக்கம் நண்பரே. மாடியில் 6 அங்குலத் தொட்டி, வாரம் ஒரு ஸ்பூன் யூரியா, செடி தளதளவென்று இருக்கிறது, ஆனால் காய்களின் அடி கருத்து அழுகுகிறது என்று கேட்டிருந்தீர்கள். இது பூச்சியும் இல்லை, நோயும் இல்லை, மருந்து அடிக்காதீர்கள். காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அந்தச் சத்து தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். சின்னத் தொட்டி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், சாயங்காலம் நீங்கள் ஊற்றியதும் குளமாகிவிடும். இந்த ஏற்ற இறக்கம்தான் வினை. யூரியா இந்தச் சத்துக் குறையை இன்னும் கூட்டும், உடனே நிறுத்துங்கள்.

தக்காளிக்குக் குறைந்தது 12 அங்குல அகலமும் ஆழமும் உள்ள பை வேண்டும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் சம அளவு போதும். நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிடுங்கள். (அலசாமல் போட்டு ஒரு வரிசைக் கத்தரியைக் கருக்கியவன் நான்.) மேலே காய்ந்த சருகைப் பரப்பி, காலையில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். முட்டை ஓடு போடலாம், ஆனால் அது மட்க மாதக்கணக்காகும். இந்தக் காய்களுக்கு உதவாது. கருத்ததைப் பறித்துவிடுங்கள், அப்புறம் வருபவை தேறும்.