ஸ்கீயா, ஸ்னோபோர்டா? டென்னிஸ்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

விம்பிள்டன் நெருங்கினால் நம் டர்பன் டென்னிஸ் கூட்டத்தில் யார் ஜெயிப்பார் என்ற பேச்சுதான் ஓடும். இந்த வருடம் கூடவே இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டது. ஜூலை என்றால் நம் தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம், அந்த விடுமுறையில் பல குடும்பங்கள் பக்கத்து நாடான லெசோத்தோவின் மலைக்குப் பனிச்சறுக்குக்குப் போகின்றன. ஸ்கீ (காலுக்கு ஒரு நீளப் பலகை) கற்றுக்கொள்வதா, ஸ்னோபோர்டா (இரண்டு காலுக்கும் ஒரே பலகை) என்று ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். நான் சில குளிர்காலங்கள் ஆஸ்திரியாவில் புதியவர்களுக்கு ஸ்கீ சொல்லிக்கொடுத்தவன், ஸ்னோபோர்டும் பழகியவன், மற்ற நாட்களில் உங்களைப் போலவே டென்னிஸ் பைத்தியம். அதனால் கேள்விகளையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள். வந்தவற்றில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து, சனிக்கிழமை இரட்டையர் ஆடுபவர்: அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எது?

ஸ்கீ.

காரணம் நம் பயணத்தின் நீளம். ஐரோப்பாவில் ஒரு வாரம் தங்கிக் கற்றுக்கொள்வார்கள். நாம் வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு திரும்புகிற ஆட்கள். ஸ்கீயில் முதல் நாள் மதியத்துக்குள் பெரும்பாலோர் பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகட்டி வேகத்தை அடக்கவும், சின்னச் சரிவில் இடம் வலமாகத் திரும்பவும் பழகிவிடுவார்கள். ஸ்னோபோர்டில் முதல் இரண்டு மூன்று நாள் விழுவதும் எழுவதுமாகத்தான் போகும். அதைத் தாண்டிவிட்டால் வேகமாக முன்னேறலாம், ஸ்கீக்காரர்கள் அழகாகத் திரும்பப் படாத பாடு படும்போது நீங்கள் ஜாலியாக இறங்கிக்கொண்டிருப்பீர்கள். ஆனால் அந்த நாள் வரும்போது நீங்கள் திங்கட்கிழமை அலுவலகத்தில் இருப்பீர்கள், அதுதான் சிக்கல்.

ஐந்தாறு நாள் தொடர்ந்து தங்க முடிகிறவர்களுக்கு என் பதில் மாறும். அதற்கு முன் அடுத்த இரண்டு பதில்களையும் படித்துவிடுங்கள்.

டோங்காட்டிலிருந்து, ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஆட்டக்காரர்: எனக்கு மணிக்கட்டுதான் சொத்து. ஸ்னோபோர்டில் கை உடையும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஐயா. புதிதாக ஸ்னோபோர்டு பழகுகிறவர்களுக்கு அதிகம் அடிபடும் இடமே மணிக்கட்டுதான். இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டப்பட்டிருப்பதால், தடுமாறினால் ஒரு காலை நகர்த்திச் சமாளிக்க வழியில்லை. கீழ்ப்பக்க விளிம்பு பனியில் மாட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் தரையில் இருப்பீர்கள். அந்த நொடியில் கை தானாக நீளும், முழு உடம்பின் எடையும் உள்ளங்கையில் இறங்கும். லெசோத்தோ சரிவில் பெரும்பாலும் இயந்திரம் தூவும் பனி, காலையில் சிமெண்ட் மாதிரி இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போர்டுதான் வேண்டும் என்றால் மணிக்கட்டுக் காப்பு போட்டுக்கொண்டுதான் பலகையில் ஏற வேண்டும். வாடகைக்குக் கிடைக்குமா என்று அங்கே போய்த் தேடாமல் இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள். விழுவதையும் முதலில் சமதரையில் பழகுங்கள். முன்னால் விழுந்தால் விரல்களை மூடி, முட்டியும் முன்கையும் முதலில் படும்படி விழ வேண்டும். பின்னால் விழுந்தால் மோவாயை நெஞ்சோடு ஒட்டி, உட்கார்ந்தபடி முதுகில் உருள வேண்டும். ஹெல்மெட் இரண்டுக்கும் கட்டாயம்.

ஸ்கீயிலும் கைக்கு ஓர் ஆபத்து உண்டு, டென்னிஸ்காரர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. ஸ்கீக்காரர்கள் கையில் ஊன்றும் கம்பைப் பிடித்தபடி விழுந்தால் அது கட்டைவிரலைப் பின்னுக்கு நெம்பும். விரலின் அடிமூட்டுத் தசைநார் கிழியும். ராக்கெட்டை இறுக்கிப் பிடிப்பதே அந்தக் கட்டைவிரல்தானே? அதனால் புதியவர்கள் கம்பின் வாரில் கையை நுழைக்காதீர்கள், விழும்போது கம்பை விட்டுவிடுங்கள். முதல் நாள் கம்பே வேண்டாம் என்று பயிற்சியாளர் சொன்னால் சந்தோஷப்படுங்கள்.

லெனேசியாவிலிருந்து: எனக்கு மணிக்கட்டு பரவாயில்லை, முட்டிதான் பிரச்சினை. ஏற்கெனவே ஒரு முறை அறுவை ஆகிவிட்டது.

அக்கா, உங்களுக்கு என் முதல் பதில் பொருந்தாது. ஸ்கீயில் அடிபடும் இடம் முட்டி. நீளமான பலகை காலை ஒரு பக்கம் திருப்ப, உடம்பு வேறு பக்கம் போனால், முறுக்கல் முழுவதும் முட்டித் தசைநார்களில்தான் விழும். குறிப்பாக, பின்பக்கம் சாய்ந்து உட்கார்வது போல விழுந்து, சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழுந்திருக்கப் பார்க்கிறவர்கள்தான் முட்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். விழுந்தாயிற்று என்றால் விழுந்தாயிற்று. கைகளை முன்னால் வைத்து, கால்களைச் சேர்த்து, நிற்கும்வரை சறுக்கிக்கொண்டே போங்கள்.

பூட்ஸைப் பலகையோடு பூட்டும் ஸ்கீயின் பைண்டிங், ஓர் அளவுக்கு மேல் முறுக்கம் வந்தால் பூட்ஸைக் கழற்றிவிடும். அந்த அளவை உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், திறமை எல்லாம் பார்த்துத்தான் வைப்பார்கள். வாடகைக் கடையில் எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள்! (ஆண்களும்தான்.) புதியவரா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஸ்னோபோர்டில் பைண்டிங் கழலாது. ஆனால் இரண்டு காலும் சேர்ந்தே திரும்புவதால் முட்டி தனியாக முறுக்கிக்கொள்வது குறைவு. அறுவை செய்த மருத்துவரைக் கேளுங்கள். அவர் சரி என்றால், காப்பு போட்டுக்கொண்டு போர்டு பழகுங்கள். ஆக, எந்த மூட்டை இழக்க உங்களால் முடியாது என்று முதலில் யோசியுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பீனிக்ஸிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஸ்னோபோர்டுதான் ஸ்டைல், அண்ணா. ஸ்கீ தாத்தாக்கள் விளையாட்டு.

ஸ்டைல்தான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் எதிரிகளாக்க வேண்டாம். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் செக் நாட்டு எஸ்தர் லெடெக்கா சூப்பர்-ஜி என்ற ஸ்கீ வேகப் பந்தயத்தில் 0.01 வினாடி வித்தியாசத்தில் தங்கம் வாங்கினார், அதே ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டிலும் தங்கம். உன் வயதில் உடம்பு தாங்கும், ஆரம்பி. எந்தக் காலை முன்னால் வைப்பது என்பதை ராக்கெட் பிடிக்கும் கை முடிவு செய்யாது. வழுக்குத் தரையில் காலுறையோடு ஓடிவந்து சறுக்கிப் பார், எந்தக் கால் தானாக முன்னால் போகிறதோ அதுதான்.

மெரிபேங்க்கிலிருந்து: பெரிய ஆட்டக்காரர்கள் பனிச்சறுக்குச் செய்வார்களா? டென்னிஸுக்கு அதில் ஏதாவது உபயோகம் உண்டா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

யானிக் சின்னர் வடஇத்தாலி மலையில் பிறந்தவர். சிறுவயதில் ஸ்கீயில் தேசிய அளவில் ஜெயித்தவர், 13 வயதில் அதை விட்டுவிட்டு முழுநேர டென்னிஸுக்கு வந்தார். ஸ்கீ ஓட்டத்தில் ஒரு தவறு செய்தால் எல்லாம் முடிந்தது, டென்னிஸில் புள்ளிகளை விட்டுவிட்டும் ஜெயிக்கலாம் என்பதை அவரே பேட்டிகளில் காரணமாகச் சொல்லியிருக்கிறார். ஜோகோவிச்சின் குடும்பமே ஸ்கீ குடும்பம். கோபாவோனிக் என்ற செர்பிய பனிமலையில் அவருடைய பெற்றோர் பீட்சா கடை நடத்தினார்கள். அதன் எதிரே இருந்த டென்னிஸ் மைதானத்தில்தான் பயிற்சியாளர் யெலேனா கென்சிச் அந்தச் சிறுவனைக் கண்டெடுத்தார். ஃபெடரர், நம் நாட்டுக் கெம்ப்டன் பார்க்கைச் சேர்ந்த லினெட்டின் பிள்ளை, ஆடிய காலத்தின் கடைசிப் பல வருடங்கள் காயத்துக்குப் பயந்து ஸ்கீயைத் தொடவே இல்லை. 2022-இல் ஓய்வு பெற்ற பிறகுதான் மறுபடி பனிக்குப் போனார்.

சின்னரும் ஜோகோவிச்சும் கடினத் தரையில்கூடக் காலை அகட்டிச் சறுக்கிப் போய்ப் பந்தை எடுத்து, உடனே திரும்பிவிடுகிறார்களே, அதில் ஸ்கீயின் சாயல் எனக்குத் தெரிகிறது. வலையைப் பார்த்து நின்றபடி ஓப்பன் ஸ்டான்ஸ் ஃபோர்ஹேண்ட் அடிக்கும்போது வெளிக்காலில் எடையை இறக்குகிறோம். ஸ்கீயில் திரும்புவதும் அப்படித்தான்: இடப்பக்கம் திரும்ப வலக்காலை அழுத்த வேண்டும். டென்னிஸ்காரர்களுக்கு இது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். சர்வீஸுக்குக் காத்து நிற்கும் நிலையும் அப்படியே உதவும், முட்டி மடங்கி, எடை முன்பாதத்தில், கைகள் முன்னால்.

கெடுக்கிற பழக்கம் ஒன்றும் உண்டு. நாம் அடிக்கும்போது தோளைச் சுழற்றுவோம். ஸ்கீயில் இடுப்புக்குக் கீழேதான் திரும்ப வேண்டும், மேலுடம்பு சரிவைப் பார்த்தபடி அமைதியாக இருக்க வேண்டும். டென்னிஸ்காரர்களை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கற்பனை பேக்ஹேண்ட் போய்க்கொண்டிருக்கும். ஸ்னோபோர்டில் அதே தோள் சுழற்சி ஓரளவு உதவுகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு 5, பெண்ணுக்கு 11. இருவருக்கும் எது?

பையனுக்கு ஸ்கீ, யோசிக்கவே வேண்டாம். அந்த வயதில் இரண்டு காலும் தனித்தனியாக இருப்பதுதான் சுலபம். பெண்ணை அவள் இஷ்டத்துக்கு விடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், நீங்களோ கணவரோ சொல்லிக்கொடுக்க வேண்டாம். பயிற்சியாளரிடம் விட்டுவிட்டுத் தேநீர் குடியுங்கள், குடும்பத்தில் சமாதானம் இருக்கும்.

அம்ஹ்லாங்காவிலிருந்து: எங்கே போவது? டிஃபிண்டெல்லா, ஆஃப்ரிஸ்கீயா?

டிஃபிண்டெல் நம் நாட்டுக்குள்ளேயே, கிழக்குக் கேப்பில் ரோட்ஸ் கிராமத்துக்கு மேலே இருக்கிறது. இந்தப் பருவத்தில் திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் கிளம்பாதீர்கள். ஆஃப்ரிஸ்கீ லெசோத்தோவின் மலுட்டி மலையில், 3,000 மீட்டருக்கு மேலே. பருவம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம், டர்பனிலிருந்து அதைவிடக் கூடுதல். ஃபூரீஸ்பர்க் தாண்டி கலெடன்ஸ்போர்ட் எல்லை, அப்புறம் பூத்தா-பூத்தே, பிறகு மோட்டெங் கணவாய். அந்தக் கணவாய் செங்குத்து, நிழல் விழும் வளைவுகளில் பனி உறைந்திருக்கும். இருட்டியபின் அதில் ஏறாதீர்கள். பனி கொட்டியிருந்தால் சின்ன காரை விட்டுவிட்டு யாருடைய பக்கியாவது (பிக்கப் வண்டி) கேட்டு வாங்குங்கள், நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாக. எல்லாருக்கும் பாஸ்போர்ட் வேண்டும், பிள்ளைகளோடு பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும்.

மேலே இழுத்துக்கொண்டு போவது டீ-பார் மாதிரியான இழுவை லிஃப்ட். ஸ்கீ போட்டவருக்கு அது சுலபம். போர்டுக்காரர் ஒரு காலைக் கழற்றிக்கொண்டு பக்கவாட்டில் நின்றபடி போக வேண்டும், முதல் நாளில் பாதிப் பேர் வழியிலேயே கவிழ்வார்கள்.

கடல்மட்டத்தில் வாழ்கிற நமக்கு அந்த உயரம் கொஞ்சம் தலைவலி தரும். உயரத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் ஆடும்போதே பந்து பறக்கிறது என்று புலம்புகிறோம். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 1,219 மீட்டருக்கு மேலே தனிப் பந்து வகையே வைத்திருக்கிறது. ஆஃப்ரிஸ்கீ அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். முதல் நாள் மெதுவாக ஆரம்பித்து, தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து இன்னொருவர்: நாங்கள் போகும்போது ஆடி மாதம். கூழ் வார்க்கும் வரை வீட்டில் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பாட்கோஸ், அதாவது கட்டுச்சோறு, கட்டிக்கொண்டு போங்கள், வேறு வழி யோசிக்காதீர்கள். புளிச்சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, ஒரு டப்பா பீன்ஸ் கறி. சமையலறை உள்ள அறையாகப் பிடித்தால் வீட்டுப் பாட்டியும் நிம்மதியாக இருப்பார். எல்லையில் பழம், காய் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு இருக்கலாம் என்பதால் சமைத்ததையே எடுத்துப் போவது நல்லது. விரதம் இருந்துகொண்டு வெறும் வயிற்றில் மட்டும் சறுக்காதீர்கள்.

பலர்: என்ன உடுத்துவது?

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. காலுறை மெல்லியதாக ஒன்றே ஒன்று, இரண்டு போட்டால் பூட்ஸுக்குள் மடிந்து கொல்லும். ஸ்கீ பூட்ஸ் இறுக்கமாகத்தான் இருக்கும், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு பூட்ஸின் நாக்கில் சாய்ந்திருந்தால் சரியான அளவு. ஸ்னோபோர்டு பூட்ஸ் மென்மை, நடக்கவும் முடியும். சன்ஸ்கிரீன் மறக்கவே கூடாது. உயரம் ஏற ஏற புற ஊதாக் கதிர் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மோவாய்க்கு அடியிலும் மூக்குக்குக் கீழேயும் தடவுங்கள், நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

டர்பனிலிருந்து, எங்கள் லீக் அணித் தலைவர்: ஞாயிறு சறுக்கிவிட்டு வருகிறவர்களைச் செவ்வாய் ஆட்டத்தில் சேர்க்கலாமா?

வேண்டாம், கேப்டன். பழகாத தசைகளின் வலி முதல் நாளை விட இரண்டாவது மூன்றாவது நாளில்தான் உச்சத்துக்கு வரும். செவ்வாய் என்றால் சரியாக அதில் மாட்டுவார்கள், சர்வீஸ் ரிட்டர்னுக்குக் குனியவே முடியாது. போகிறவர்கள் இப்போதே சுவரில் முதுகை ஒட்டி நாற்காலி நிலையில் உட்கார்வதும், பக்கவாட்டில் காலை எட்டி வைத்து முட்டியை மடக்குவதும், ஒற்றைக் காலில் நிற்பதும் தினம் செய்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். ஆட்டத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று எதிரணியைக் கேட்டுப் பாருங்கள். அவர்களிலும் பாதிப் பேர் நம்மோடு அதே மலைக்குத்தான் வருகிறார்கள் என்று கேள்வி.