பாட்டு கேட்கிறது, வசனம் மட்டும் காணோம்: வயரைப் பாருங்கள்

கல்லூரி அரங்கில் ஒத்திகை பார்த்தபோது பின்னணி இசை நன்றாக வந்தது, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது என்கிறீர்கள். படக் கோப்பை மாற்ற வேண்டாம். லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து மிக்சருக்கு (ஒலிகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) ஒரே பிளக்கில் போயிருக்கிறீர்கள், அங்கேதான் சிக்கல்.

அந்த பிளக்கில் இரண்டு கருப்பு வளையம் இருக்கும். மிக்சரின் பேலன்ஸ்டு உள்ளீடு (இரைச்சலைக் குறைக்க ஒரே ஒலியை இரு கம்பிகளில் வாங்கும் துளை) இடது, வலது ஒலிகளைக் கூட்டாது, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும். வசனம் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் அடிபட்டுப் போகிறது, வேறுபடும் இசை மட்டும் மிஞ்சுகிறது. சோதிக்க, விண்டோஸ் ஒலி அமைப்பில் வலதைப் பூஜ்யமாக்குங்கள். வசனம் திரும்பினால் காரணம் இதுதான். வேறு வயர் கிடைக்காவிட்டால் அப்படியே படத்தை ஓட்டிவிடலாம்.

சரியான தீர்வு: ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ, மறுமுனையில் இரண்டு 6.35 மி.மீ. மோனோ பிளக் உள்ள வயர். மிக்சரின் இரண்டு சேனலில் செருகி, ஒன்றின் 'பான்' குமிழை (ஒலியை இடம், வலம் பிரிப்பது) இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் திருப்புங்கள். மைக் துளையில் மட்டும் செருகாதீர்கள். 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (மைக்குக்கு மிக்சர் அனுப்பும் மின்சாரம்) போட்டிருந்தால் லேப்டாப்புக்கு ஆபத்து.

சார்ஜர் போட்டதும் 'ஹம்' என்ற ரீங்கார இரைச்சல் வந்தால் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (நேரடி மின் இணைப்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும் பெட்டி) வையுங்கள். அவசரத்துக்கு பேட்டரியில் ஓட்டலாம்.

உதடசைவுக்கு முன்பே ஒலி வந்தால் விஎல்சி பிளேயரில் 'கே' (K) விசை, ஒவ்வொரு தட்டுக்கும் ஒலியை 50 மில்லிவினாடி பின்தள்ளும். நடுவரிசையில் உட்கார்ந்து சரிபாருங்கள், முன்வரிசையில் அல்ல. 20 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு ஒலி எப்படியும் சுமார் 60 மில்லிவினாடி தாமதமாகத்தான் போய்ச் சேரும்.