இதயம் செத்தது யார் தவறு? விலகித் தப்பிக்கும் ரசிகர் விளையாட்டுகளை மதிப்பிடுவது பற்றிய கேள்வி பதில்

2015 இல் டோபி ஃபாக்ஸ் வெளியிட்ட அண்டர்டேல் விளையாட்டின் சண்டைக் காட்சிகளைப் பின்பற்றி ரசிகர் ஒருவர் செய்த சிறு விளையாட்டை, இந்த வாரம் நம்மில் பலரும் ஆடிப் பார்த்தோம். வெள்ளைக் கோட்டுப் பெட்டிக்குள் சிவப்பு இதயத்தை நகர்த்தி, வரும் தோட்டாக்களிலிருந்து விலக வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. இத்தகைய ஆக்கங்களுக்குச் சில போட்டிகளில் நடுவராக இருந்தவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்களைத் தருகிறேன்.

கேள்வி: இவ்வளவு எளிய விளையாட்டில் மதிப்பிட என்ன இருக்கிறது? கடினமாக இருந்தால் நல்லது, எளிதாக இருந்தால் சுமார் என்று சொல்லிவிடலாம் அல்லவா?

பதில்: கடினத்தை நான் பார்ப்பதே இல்லை. நான் பார்ப்பது ஒன்றுதான்: ஒவ்வொரு முறை இதயம் சாகும்போதும் அந்தச் சாவுக்குப் பொறுப்பு ஆடியவரா, நிரலா? ஆட்டத்தைக் காணொளியாகப் பதிவு செய்து, என் முதல் இருபது சாவுகளையும் ஃப்ரேம் ஃப்ரேமாக (காட்சியின் ஒவ்வொரு தனிப் படமாக) ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "நான்" அல்லது "நிரல்" என்று எழுதுவேன். "நிரல்" என்ற சொல் கூடக்கூட மதிப்பெண் குறையும்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. கண்ணால் கண்டு விரல் அசைய மனிதருக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லி விநாடி ஆகிறது. நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் விளையாட்டில் இது 12 முதல் 15 ஃப்ரேம். தோட்டா ஒரு ஃப்ரேமுக்கு 4 பிக்சல் (திரைப் புள்ளி) நகர்ந்தால், நீங்கள் விரலை அசைக்கும் முன்பே அது 48 முதல் 60 பிக்சல் வரை வந்துவிடுகிறது. ஆகவே முன்னறிவிப்பு எதுவுமின்றி இதயத்துக்கு 40 பிக்சல் தொலைவில் முளைக்கும் தோட்டாவிலிருந்து எவராலும் பார்த்து விலக முடியாது; மனப்பாடம் செய்துதான் விலக முடியும். இந்த வாரத்து விளையாட்டின் மூன்றாம் கட்டத்தில் பக்கச் சுவரிலிருந்து வரும் எலும்புகள் அப்படிப்பட்டவை.

மூல விளையாட்டிலும் சான்ஸ் என்ற பாத்திரம் சண்டையின் தொடக்கத்திலேயே, ஆடுபவரின் முறை வரும் முன்பே, கடுமையான தாக்குதலை ஏவுகிறார் என்பது உண்மைதான். ஆனால் அந்த இடத்துக்கு வருபவர் பெரும்பாலும் நீல நிறத் தாக்குதலுக்கு அசையாமல் நிற்க வேண்டும், நீல இதயம் புவியீர்ப்புக்கு உட்பட்டது என்ற விதிகளையெல்லாம் முந்தைய ஆட்டங்களில் பாப்பைரஸ் என்ற பாத்திரத்திடம் பொறுமையாகக் கற்றுக்கொண்டவர். ரசிகர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசிச் சண்டையை மட்டும் நகலெடுத்து, அதற்கு முந்தைய பாடங்களை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: எனக்கு விளையாட்டு மிக வேகமாக ஓடுகிறது, நண்பருக்கு மெதுவாக ஓடுகிறது. ஏன்?

பதில்: உங்கள் திரை 144 ஹெர்ட்ஸாக (நொடிக்கு 144 முறை புதுப்பிக்கப்படுவதாக) இருக்கும், நண்பருடையது 60 ஆக இருக்கும். உலாவியில் ஓடும் சிறு விளையாட்டுகள் பல, கழிந்த நேரத்தைக் கணக்கிடாமல், திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் தோட்டாவை ஒரு படி நகர்த்துகின்றன. விளைவு, உங்களுக்கு 2.4 மடங்கு வேகம். நானே ஒருமுறை இதை உணராமல் ஒரு நல்ல விளையாட்டுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டுப் பின்னர் வெட்கப்பட்டிருக்கிறேன். மதிப்பெண் போடும் முன் உங்கள் திரையின் ஹெர்ட்ஸைப் பாருங்கள்.

கேள்வி: எந்த எஞ்சினில் (விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில்) செய்தால் அதிக மதிப்பெண் கிடைக்கும்?

பதில்: எதில் செய்தாலும் ஒரே மதிப்பெண்தான். அண்டர்டேல் கேம்மேக்கரில் செய்யப்பட்டது.

கேள்வி: இதயத்தின் ஹிட்பாக்ஸ் (தோட்டா பட்டதாக நிரல் கணக்கிடும் பரப்பு) அதன் படத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்று சென்ற முறை எழுதியிருந்தீர்கள். அது ஏமாற்று வேலை. பழைய விளையாட்டுகளில் தொட்டால் சாவுதான். ரெட்ரோ என்று பெயர் வைத்துவிட்டுச் சலுகை கேட்பது என்ன நியாயம்?

பதில்: பழைய விளையாட்டுகளில் "தொட்டால்" என்பதற்கு ஒரே பொருள் இருந்ததில்லை. குடும்பக் கணினி என்று ஜப்பானில் 1983 இல் வந்த நின்டெண்டோ கருவியில், ஸ்பிரைட்டுகள் (திரையில் நகரும் சிறு உருவங்கள்) ஒன்றையொன்று தொடுவதைக் கண்டறியும் பொதுவான வசதி வன்பொருளில் இல்லை. நிரலாளர்கள் செவ்வகங்களை ஒப்பிட்டே முடிவு செய்தார்கள். அந்தச் செவ்வகத்தை எவ்வளவு பெரிதாக வைப்பது என்பது அவர்கள் விருப்பம். தோட்டா மழை விளையாட்டுகளிலோ கப்பல் முழுவதும் பெரிதாகத் தெரிந்தாலும் உயிர் நடுவில் உள்ள சில பிக்சல்களில்தான் இருக்கும். டோஹோ என்ற ஜப்பானியத் தோட்டா மழை வரிசையின் பிந்தைய விளையாட்டுகளில் மெதுவாக நகரும் பொத்தானை அழுத்தினால் அந்தப் புள்ளியே கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி (அதே அன்பர்): அடாரி 2600 ஐ வசதியாக மறந்துவிட்டீர்கள்.

பதில்: மறந்தது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். 1977 இல் வந்த அந்தக் கருவியின் காட்சிச் சில்லு, இரண்டு ஆட்டக்காரர்கள், இரண்டு எறிபொருள்கள், ஒரு பந்து, பின்புலம் ஆகிய ஆறில் எந்த இரண்டு ஒரே பிக்சலில் மோதினாலும் குறித்து வைத்துக்கொள்ளும். ஆறிலிருந்து பதினைந்து இணைகள், பதினைந்து குறிப்புகள். அங்கே நீங்கள் சொல்வது போல் தொட்டது தொட்டதுதான். ஆனால் அந்தத் திரையில் ஒரே நேரத்தில் இரண்டு எறிபொருள்களைச் சமாளிப்பதும், இந்த விளையாட்டில் இருநூறு தோட்டாக்களுக்கு நடுவே நுழைவதும் ஒன்றாகுமா?

கேள்வி: இது உண்மையான 8 பிட் விளையாட்டா, அதாவது அந்தக் காலக் கருவிகளில் ஓடக்கூடியதா?

பதில்: இல்லை. நின்டெண்டோவின் அந்தக் கருவி ஒரு கிடைக்கோட்டில் எட்டு ஸ்பிரைட்டுகளுக்கு மேல் காட்டாது. அதனால்தான் பழைய விளையாட்டுகளில் உருவங்கள் மினுக்கின. இருநூறு தோட்டாக்கள் அங்கே நடவாத காரியம். அதற்காக நான் மதிப்பெண் குறைப்பதில்லை. ஒரே திரையில் பெரிய பிக்சலும் சிறிய பிக்சலும் கலந்து கிடந்தால் குறைப்பேன்.

கேள்வி: என்னுடைய கணினியிலும் விளையாட்டு மிக வேகமாக ஓடுகிறதே?

பதில்: மேலே இரண்டாம் கேள்வியைப் படியுங்கள். ஹெர்ட்ஸ்.

கேள்வி: மூல ஆசிரியர் வழக்குத் தொடர்ந்தால் என்ன செய்வது?

பதில்: சட்டம் என் துறையன்று, அறிந்தவரைக் கேளுங்கள். டோஹோவை உருவாக்கிய ஸூன் ரசிகர் ஆக்கங்களைத் தாராளமாக அனுமதிப்பதும், தன் மெட்ராய்டு 2 விளையாட்டின் ரசிகர் மறுவாக்கத்தை 2016 இல் வெளிவந்த உடனேயே நின்டெண்டோ நீக்கச் செய்ததும் எல்லோரும் அறிந்தவை.

கேள்வி: விரைவாகச் சோதிக்க ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: இதயத்தை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, ஒரு நிமிடம் கையை எடுத்துவிடுங்கள். உயிரோடு இருந்தால் தாக்குதல்களை வரைந்தவர் அந்த மூலையைப் பார்க்கவே இல்லை. பிறகு குறுக்காக நகர்த்துங்கள். நேராகப் போவதைவிட 1.4 மடங்கு வேகமாகப் போனால், அது வேண்டுமென்றே செய்ததா கவனக்குறைவா என்று கேளுங்கள். இவற்றையெல்லாம் 60 ஹெர்ட்ஸ் திரையில் செய்யுங்கள்.

கேள்வி: எந்த எஞ்சின் கற்றுக்கொள்ள எளிது?

பதில்: எஞ்சின் பற்றிய கேள்விகளுக்கு இனி இங்கே பதில் இல்லை.

கேள்வி (ஹிட்பாக்ஸ் அன்பர்): நீங்கள் சொன்னபடி இருபது சாவுகளைப் பதிவு செய்தேன். பதினான்கு என் தவறு. மீதி ஆறில் தோட்டா இதயத்தைத் தொடவே இல்லை, ஆனாலும் செத்தது. ஆறும் இதயத்தின் கீழ்ப் பக்கத்தில் நடந்தவை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: இதய வடிவம் மேலே அகலம், கீழே கூர். அதைச் சுற்றி ஒரு முழுச் செவ்வகத்தை ஹிட்பாக்ஸாக வைத்தால், கீழே இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு வெற்று முக்கோணங்கள் மிஞ்சும். அங்கே படம் இல்லை, சாவு மட்டும் இருக்கிறது. அடாரியின் முறையில் பிக்சலைப் பிக்சலோடு ஒப்பிட்டிருந்தாலும் அந்த ஆறும் நடந்திருக்காது. நான் சொன்னபடி ஹிட்பாக்ஸைச் சுருக்கியிருந்தாலும் நடந்திருக்காது. அந்த ஆறு காணொளித் துண்டுகளையும் விளையாட்டைச் செய்தவருக்கு அனுப்பிவிடுங்கள். நான் அனுப்ப நினைத்தவற்றைவிட அவை தெளிவாக இருக்கும்.