பெவர்லி மின்ஸ்டர்: எந்தப் பகுதி எப்போ கட்டுனதுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

கேள்வி: நான் இங்கிலாந்துல ஹல் நகரத்துல பழைய கட்டடப் பராமரிப்பு சம்பந்தமா படிக்கிறேன். பக்கத்துல இருக்கிற பெவர்லி மின்ஸ்டர்ங்கற பழைய பெரிய தேவாலயத்தைப் பத்தி ஒரு ரிப்போர்ட் எழுதணும், ஒவ்வொரு பகுதியும் எந்தக் காலம்னு பிளான்ல கலர் அடிச்சுக் காட்டணும். கட்ட 200 வருஷம் ஆச்சுன்னு சொல்றாங்க, ஆனா உள்ள போய் நின்னா எல்லாம் ஒரே சமயத்துல கட்டுன மாதிரி இருக்கு. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? இதைக் கதீட்ரல்னு எழுதலாமா?

பதில்:

கதீட்ரல்னு எழுதாதீங்க, மார்க் போயிடும். கதீட்ரல்னா பிஷப்போட இருக்கை அங்க இருக்கணும், பெவர்லி அப்படி இல்ல, அது யார்க் ஆர்ச்பிஷப்போட மறைமாவட்டத்துக்குள்ள இருந்த காலேஜியேட் சர்ச். அதாவது மடத்துத் துறவிங்க இல்லாம, கேனன்னு சொல்ற குருமார்கள் ஒரு குழுவா சேர்ந்து வழிபாட்டையும் சொத்தையும் கவனிச்சுக்கிட்ட கோயில். மடம் இல்லாததால மத்த பழைய தேவாலயங்கள்ல பாக்குற க்ளாய்ஸ்டர் (முற்றத்தைச் சுத்தின நடைபாதை), பெரிய சாப்பாட்டுக் கூடம் எதையும் இங்க தேடாதீங்க. 1548-ல அந்தக் குழுவைக் கலைச்சுட்டாங்க, அப்புறம் அது ஊர் பாரிஷ் சர்ச் ஆச்சு, இன்னைக்கும் அப்படித்தான். ஆனா நீளம் 333 அடி, இங்கிலாந்துல பல கதீட்ரலை விட பெருசு. ஒரு சின்ன ஊர்ல இவ்வளவு பெருசா ஏன்னு கேட்டா அதுக்குக் காரணம் ஒரு கல்லறை. யார்க் பிஷப்பா இருந்த ஜான் 721-ல இங்க இறந்தாரு, இங்கயே புதைச்சாங்க, 1037-ல அவரைப் புனிதரா அறிவிச்சாங்க, அதுலேர்ந்து யாத்ரீகர் கூட்டமும் காணிக்கையும் வந்துக்கிட்டே இருந்துச்சு. இதை ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துலயே வச்சுடுங்க, ஏன்னா எப்போ எப்போ பணம் வந்துச்சோ அப்போ அப்போதான் கட்டட வேலை நகர்ந்துருக்கு.

இப்ப உங்க முக்கியமான கேள்விக்கு வர்றேன். எல்லாம் ஒரே மாதிரி தெரியறதுக்குக் காரணம் உங்க கண்ணு இல்ல. வேணும்னே அப்படிக் கட்டிருக்காங்க. 13-ஆம் நூற்றாண்டுல கிழக்குப் பக்கம் கட்டுன கொத்தனாருங்க ஒரு டிசைன் போட்டாங்க, 100 வருஷம் கழிச்சு நேவ், அதாவது மக்கள் கூடுற மேற்குப் பக்க நீளக் கூடம், கட்ட வந்தவங்க காலத்துல ஃபேஷன் முழுசா மாறிடுச்சு, ஆனாலும் அவங்க பழைய தூண் அமைப்பையும் மாடி வரிசைகளோட உயரத்தையும் அப்படியே தொடர்ந்தாங்க. பாட்டி ஆரம்பிச்ச கோலத்தை பேத்தி அதே புள்ளி வரிசையில முடிச்ச மாதிரி, புள்ளி ஒண்ணுதான், ஆனா சுழி போடுற கை வேற. அதனால மொத்தமா பாத்து காலம் சொல்ல முயற்சி பண்ணாதீங்க, சின்ன விஷயங்களைப் பாருங்க. இந்தக் கட்டடத்துல அதுதான் ஒரே வழின்னு நான் உறுதியா சொல்வேன்.

முதல்ல நாலஞ்சு வருஷக் கணக்கை மனசுல வச்சுக்கோங்க. 1188 செப்டம்பர்ல பழைய கோயில் எரிஞ்சு போச்சு. இது வெறும் செவிவழிக் கதை இல்ல, 1664-ல தரையைத் தோண்டினப்ப எழுத்து பொறிச்ச ஒரு ஈயத் தகடு கிடைச்சுது, அதுலயே புனித மத்தேயு திருநாளுக்கு அடுத்து வந்த ராத்திரி சர்ச் எரிஞ்சதுன்னும், 1197-ல ஜானோட எலும்புகளைத் தேடி எடுத்தாங்கன்னும் இருக்கு. தீ விபத்துக்கு அப்புறம் சரிபண்ணி நடுக்கோபுரத்தை உசத்துனாங்க, சுமார் 1213-ல அது இடிஞ்சு விழுந்துடுச்சு. பலத்தை விட அழகுலதான் கொத்தனாருங்களுக்கு கவனம், தாங்காத தூணுங்களை ஒட்டுப் போட்டு மறைச்சுட்டு மேல மேல ஏத்துனாங்கன்னு அந்தக் காலத்துக் குறிப்பே குறை சொல்லுது. அதுக்கப்புறம் சுமார் 1220-லேர்ந்து கிழக்குக் கோடியில புதுசா ஆரம்பிச்சு, 1260 வாக்குல க்வயர் (குருமார்கள் உக்காந்து பாடுற பகுதி), ரெண்டு ஜோடி ட்ரான்செப்ட் (குறுக்கே ரெண்டு பக்கமும் நீட்டுற சிறகு) எல்லாம் முடிஞ்சுது. அப்புறம் ஒரு பெரிய இடைவெளி. 1292-ல ஜானோட எலும்புகளுக்கு புதுசா ஒரு பேழை செய்யச் சொல்லி லண்டன் பொற்கொல்லர் ஃபாரிங்டன் ரோஜர்கிட்ட ஒப்பந்தம் போட்டாங்க, 1308-ல நேவ் வேலை ஆரம்பிச்சுது. 1348-49-ல கொள்ளைநோய் வந்து வேலை தடைப்பட்டுச்சு. மேற்கு முகப்பும் ரெட்டைக் கோபுரமும் 14-ஆம் நூற்றாண்டு கடைசியில ஆரம்பிச்சு சுமார் 1420-ல முடிஞ்சுது.

அதனால கிழக்குலேர்ந்து மேற்கா நடங்க. வடக்குப் பக்கம் ஹைகேட் வாசல் வழியா உள்ள வந்ததும் எல்லாரும் நேவ்ல நின்னு போட்டோ எடுக்க ஆரம்பிச்சுடுவாங்க, நீங்க நிக்காம நேரா கிழக்குக் கோடிக்குப் போயிடுங்க.

அங்க நின்னு பாருங்க, ஜன்னல்கள் ஒடுக்கமா உயரமா, நுனி கூரா, நடுவுல கல்லு வேலைப்பாடு எதுவும் இல்லாம இருக்கும், அதுதான் லான்செட், 13-ஆம் நூற்றாண்டோட கையெழுத்து. வளைவுகள் ஓரத்துல சின்னச் சின்ன பல்லு மாதிரி வரிசையா செதுக்கல் இருக்கும், அதுவும் அதே காலம். தூண்கள் மேல ஒட்டினாப்ல கறுப்பா பளபளன்னு மெல்லிசான தண்டுகள் போகும் பாருங்க, அது பர்பெக் மார்பிள், தெற்கு இங்கிலாந்துல டார்செட்லேர்ந்து வந்தது. மத்த சுவரெல்லாம் டாட்காஸ்டர் பக்கத்து வெளிர் மக்னீசிய சுண்ணாம்புக்கல், ஆத்து வழியா படகுல வந்தது. வெள்ளைக் கல்லு மேல கறுப்புக் கோடு போட்ட மாதிரி இருக்கிற இந்த ரெட்டை நிறம் கிழக்குப் பாதியில நிறைய இருக்கும், நேவ் பக்கம் வர வர குறைஞ்சுடும். நீங்க தேடுற முதல் தடயம் இதுதான்.

ரெண்டாவது தடயத்துக்கு தலையைத் தூக்கி நடு வரிசையைப் பாருங்க, ட்ரிஃபோரியம்னு சொல்ற இடம். அங்க ஒரு வளைவு வரிசைக்குப் பின்னாடி இன்னொரு குட்டையான வளைவு வரிசை, முன்னாடி இருக்கிற தண்டும் பின்னாடி இருக்கிற தண்டும் ஒண்ணுக்கொண்ணு மறைக்காம மாறி மாறி நிக்கும். இந்த யோசனை லிங்கன் கதீட்ரல்லேர்ந்து வந்தது, 1192-ல ஆரம்பிச்ச அங்கத்து க்வயர்ல சுவர் ஓரமா இதே விளையாட்டு இருக்கு. ஒரு பைனாகுலர் கையோட எடுத்துட்டுப் போங்க, வெறுங்கண்ணால இதைப் பாத்து புரிஞ்சுக்கிறது கஷ்டம், நிழல் விழற நேரமாப் பாத்தா இன்னும் நல்லா பிரிஞ்சு தெரியும். நேவ்லயும் இதே ரெட்டை வரிசையைத் தொடர்ந்திருக்காங்க, அதான் உங்களைக் குழப்புது.

நேவ்ல காலம் மாறினது எங்க தெரியும்னா ஓரத்து ஜன்னல்ல. கல்லு அப்படியே வளைஞ்சு நெளிஞ்சு தீ நாக்கு மாதிரி ஓடும், 14-ஆம் நூற்றாண்டோட முதல் பாதி அது. வடக்கு ஓரத்துச் சுவர்ல கண்ணு மட்டத்துக்கு கொஞ்சம் மேல வளைவுகள் சந்திக்கிற இடத்துல சின்னச் சின்ன இசைக்கலைஞர்கள் உக்காந்துருப்பாங்க, பேக்பைப் ஊதுறவர், பறை தட்டுறவர், நரம்பு வாத்தியம் வாசிக்கிறவர்னு, கோயில் முழுக்கச் சேத்தா 70-க்கு மேல. இங்கிலாந்துல வேற எந்த சர்ச்லயும் இவ்வளவு இசைக்கருவிச் சிற்பத்தை ஒண்ணா பாக்கிறது அபூர்வம். பாத்து ஆசைப்பட்டு அப்படியே மத்தியகாலத்து ஆதாரம்னு எழுதிடாதீங்க, சிலதோட கையும் முகமும் வாத்தியமும் ரொம்பப் பின்னாடி புதுப்பிச்சது, கல்லோட நிறமும் உளி வெட்டும் மாறுற இடத்தைக் கிட்டப் போய் பாத்துட்டு அப்புறம் எழுதுங்க.

மேற்குக் கோடிக்கு வந்துட்டா ஜன்னல்ல நேர்க்கோடு வந்துடும், கல்லுக் கம்பிகள் கீழேர்ந்து மேல வரைக்கும் நெட்டுக்குத்தா போய் கட்டம் கட்டமா பிரியும். அதுதான் பெர்பெண்டிகுலர் பாணி. இப்ப பிளான்ல மூணு கலர் ரெடி ஆயிடும்.

ஆனா மூணு இடத்துல மாணவர்கள் தவறாம தப்பு பண்றாங்க, அதை விளக்கமா சொல்லிடறேன்.

முதல்ல கிழக்குச் சுவர். சுவர் 13-ஆம் நூற்றாண்டு, அதுல இருக்கிற பெரிய ஜன்னல் 15-ஆம் நூற்றாண்டு, பழைய லான்செட்டை எடுத்துட்டு நெட்டுக்குத்து வேலைப்பாட்டோட ஒரே பெரிய ஜன்னலா போட்டாங்க. அந்தச் சமயத்துல காசு எங்கேர்ந்து வந்துச்சுங்கறதுக்கு ஒரு பின்னணி இருக்கு. 1415 அக்டோபர் 25-ல ஆஜின்கோர்ட் போர்ல அஞ்சாம் ஹென்றி ஜெயிச்சார், அன்னைக்கு ஜானோட திருநாள்கள்ல ஒண்ணு, அந்தக் கல்லறையில எண்ணெய் கசிஞ்சுதுன்னு பேச்சு பரவுச்சு, ராஜா அவரோட திருநாளை நாடு முழுக்கக் கொண்டாடச் சொன்னார், அப்புறம் நேர்லயும் வந்தார். ஊருக்கு எவ்வளவு மதிப்பு ஏறிருக்கும்னு யோசிச்சுக்கோங்க. அதனால பிளான்ல சுவருக்கு ஒரு கலர், ஜன்னலுக்கு வேற கலர்.

அடுத்தது மேற்கு முகப்புல இருக்கிற சிலைங்க. கோபுரமும் மாடமும் மத்தியகாலம், நீங்க பாக்குற சிலைங்க 1900-ஐ ஒட்டி வச்சது. சிலையை வச்சு காலம் சொல்லவே கூடாது.

மூணாவது, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், வடக்கு ட்ரான்செப்டோட முகப்புச் சுவர். பாத்தா சுத்தமான 13-ஆம் நூற்றாண்டு, லான்செட் எல்லாம் கச்சிதமா நிக்குது. ஆனா 18-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல இந்தச் சுவர் வெளிய சாஞ்சு போச்சு, மேல் நுனி அடித்தளத்தை விட சுமார் 4 அடி முன்னாடி நீட்டிக்கிட்டு நின்னுச்சு. எப்ப வேணா விழும்கிற நிலைமை. சர்ச்சைப் பழுதுபார்க்கிற பொறுப்பு நிக்கோலஸ் ஹாக்ஸ்மூர்ங்கற கட்டடக் கலைஞர்கிட்ட இருந்துச்சு, வேலையைச் செஞ்சது யார்க்கைச் சேர்ந்த வில்லியம் தார்ன்டன்ங்கற தச்சர். சுவரை இடிச்சுக் கட்டலாம்னு அவங்க போகல. சாஞ்ச சுவரை ரெண்டு பக்கமும் மத்த கட்டடத்துலேர்ந்து பிரிச்சு விட்டுட்டு, வெளிப்பக்கம் ராட்சசத்தனமா ஒரு மரச்சட்டம் கட்டி, அதை வச்சு முழுச் சுவரையும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளி நெட்டுக்குத்துக்குக் கொண்டு வந்தாங்க. கல்லு கல்லா பிரிக்காம ஒரே சுவரா. அந்த மரச்சட்டத்தோட படம் 1739-ல அச்சாகியிருக்கு, அதைக் கண்டிப்பா பாத்துட்டுப் போங்க, மரம் எங்க ஊனியிருக்கு, பாரம் எங்க இறங்குதுன்னு தெரியும். ஹைட்ராலிக் ஜாக் இல்லாத காலத்துல ஒரு மரவேலைக்காரர் இதைச் செஞ்சுருக்காருன்னு நினைச்சா எனக்கு இன்னைக்கும் பெருமையா இருக்கு, அதே ஹாக்ஸ்மூர்தான் பின்னாடி வெஸ்ட்மின்ஸ்டர் அபேயோட மேற்குக் கோபுரங்களை வடிவமைச்சார், பெவர்லி ரெட்டைக் கோபுரத்தோட சாயல் அதுல தெரியுதுன்னு பலரும் சொல்றது சும்மா இல்ல. உங்க ரிப்போர்ட்ல இந்தச் சுவருக்கு 13-ஆம் நூற்றாண்டு கலர் அடிச்சு, மேல 18-ஆம் நூற்றாண்டு கோடு போட்டுக் காட்டுங்க, பராமரிப்பு படிக்கிறவருக்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

இல்லாததையும் பிளான்ல குறிக்கணும். க்வயர் வடக்கு ஓரத்துல சுவரோட ஒட்டி ரெண்டு பக்கமும் ஏறி நடுவுல சேர்ற ஒரு அழகான படிக்கட்டு இருக்கும், பர்பெக் தண்டுகளோட. அது ஏறிப் போன இடம் கேனன்கள் கூடிப் பேசுற சாப்டர் ஹவுஸ், குழு கலைஞ்சதுக்கு அப்புறம் தேவையில்லைன்னு அதை இடிச்சுட்டாங்க, படிக்கட்டு மட்டும் மிச்சம். புள்ளிக்கோடு போட்டுக் காட்டுங்க, இது காலேஜியேட் சர்ச்சா இருந்ததுக்கு கட்டடமே குடுக்கிற சாட்சி அது. 13-ஆம் நூற்றாண்டுக்கு முந்தினதா நகர்த்தக்கூடிய பொருள்கள்ல ரெண்டு இருக்கு, ஆல்டர், அதாவது பலிபீடம், பக்கத்துல இருக்கிற ஃப்ரித் ஸ்டூல்ங்கற சாக்சன் காலத்துக் கல் இருக்கை, அடைக்கலம் தேடி ஓடி வந்தவங்களுக்கு இந்த சர்ச்சைச் சுத்தி பாதுகாப்பு இருந்த காலத்தோடது, இன்னொண்ணு சுமார் 1170-ஐச் சேர்ந்த ஞானஸ்நானத் தொட்டி. ரெண்டையும் தனியா எழுதுங்க, சுவரோட சேத்துடாதீங்க.

பெர்சி டூம்ப்ல நேரம் ஒதுக்குங்க. ஆல்டருக்கு வடக்கே, 1328-ல இறந்த எலினார் பெர்சிங்கற சீமாட்டியோட கல்லறைன்னு கருதுறாங்க, மேல இருக்கிற கல் விதானம் சுமார் 1340. வளைவு நுனி முன்னாடி சாஞ்சு நிக்கும், ஓரமெல்லாம் தேவதூதர்கள், பழம், இலைன்னு இடமே விடாம செதுக்கல், கொள்ளைநோய்க்கு முன்னாடி இந்த ஊர்ல கை எவ்வளவு தேர்ந்திருந்துச்சுன்னு இந்த ஒரு கல்லு சொல்லும். நேவ் ஜன்னல் வளைவுகளை இதோட பக்கத்துல வச்சு ஒப்பிட்டு எழுதுனா உங்க காலக் கணிப்புக்கு பலம் கூடும். க்வயர் இருக்கைங்க வேற காலம், 1520, மடக்குப் பலகைக்கு அடியில செதுக்கல் இருக்கிற 68 இருக்கை, அங்க இருக்கிறவங்ககிட்ட கேட்டுட்டுத் தூக்கிப் பாருங்க.

கூரை டூர் இருக்கிற நாளாப் பாத்துப் போங்க. மேல ஆள் உள்ள ஏறி நடந்து சுத்துற பெரிய மரச்சக்கரம் இருக்கு, கூரை வளைவோட நடு மையக் கல்லுக்கு மேல, மூடி மாதிரி இருக்கிற அந்தக் கல்லைத் தூக்கி கீழேர்ந்து சாமான் ஏத்த வச்சது. வால்ட்டோட, அதாவது வளைவா கட்டுன கல் கூரையோட, மேல்பக்கத்தை அங்கதான் பாக்க முடியும், எந்த இடத்துல வேலை நின்னு மறுபடி ஆரம்பிச்சுதுங்கறது பூசின அடிப்பக்கத்தை விட அங்க நல்லா தெரியும். எழுதும்போது 'சுமார்'ங்கற வார்த்தையைத் தயங்காம போடுங்க, 1188, 1308, 1548 மாதிரி எழுத்து ஆதாரம் இருக்கிற வருஷத்தை ஒரு மாதிரியும், கல்லைப் பாத்துக் கணிச்ச வருஷத்தை வேற மாதிரியும் பிரிச்சுக் காட்டுங்க, திருத்துறவங்க முதல்ல தேடுறது அதைத்தான்.