பால் வெட்டியவரின் பொம்மைகள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. பாட்டா (தாத்தா) ஆயுசு முழுக்க ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மழைநாளில் சும்மா இருக்கமாட்டார், சிரட்டையில், அதாவது தேங்காய் ஓட்டில், ஏதாவது கீறிக்கொண்டிருப்பார். 2017 ஒக்கிப் புயலில் முற்றத்துப் பலா சாய்ந்தது. அதை விற்க விடாமல் அறுத்து வைத்து, பொம்மை செதுக்க ஆரம்பித்தார். யாரிடமும் படித்ததில்லை. போன வருடம் தவறிவிட்டார். பதினேழு பொம்மைகள் இருக்கின்றன, படங்கள் அனுப்பியிருக்கிறேன். சிற்பம் படித்த என் மச்சினன் ‘அளவே இல்லை, விளையாட்டுச் சாமான்’ என்கிறான். ஒரு கடைக்காரர் வார்னிஷ் அடித்துத் தந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வார்னிஷ் அடிக்காதீர்கள். நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். ஒரு பலாமரப் பொம்மையைப் பளபளப்பாக்குகிறேன் என்று இரண்டு பூச்சு பூசினேன். உளி பட்ட தடமெல்லாம் மூடிப்போய் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிட்டது. இன்றுவரை அதைப் பார்க்கும்போது எரிச்சல்தான்.

உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யானையின் வயிற்றில் வரிவரியாகச் சீவல் தடம் தெரிகிறது. எல்லாமே இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிகின்றன. தலையில் சுமையோடு நிற்கும் பெண்ணின் சேலையிலும் அதே சரிவு. தோட்டத்துக்குப் போய் ஒரு ரப்பர் மரத்தைப் பாருங்கள், வெட்டுத் தடம் அப்படித்தான் இறங்கும். பாட்டா யாரிடமும் படிக்கவில்லை என்கிறீர்கள். சரி, ஆனால் அந்தக் கை படித்த கை. பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவவேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரத்தில் காயம் படும், பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். விடிவதற்கு முன்னே நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு முன்னூறு மரமாவது. எந்தப் பள்ளியில் இவ்வளவு பயிற்சி தருவார்கள்?

அப்புறம் மழை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. சிரட்டையில் கீறியது அந்த நாட்களில்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் அதற்கு வசவு வாங்கியிருப்பார் என்பது என் ஊகம்.

மச்சினன் சொல்வதும் முழுத் தப்பு இல்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தில், அதாவது வாசல் மண்டபத்தில், மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்றுபோல் இன்னொன்று கிடையாது. அது அளவு தெரிந்த ஆசாரிமாரின் வேலை. அந்த முழக்கோலை இங்கே கொண்டுவந்தால் உங்கள் பாட்டா தோற்றுத்தான் போவார். நான்காவது படத்தில் பால் வெட்டுகிறவன் இருக்கிறான், கத்தி அவன் கை நீளத்துக்கு இருக்கிறது. அளவு தெரியாமல் செய்தாரா? பக்கத்தில் நிற்கும் மரத்தைப் பாருங்கள், பால் பிடிக்கக் கட்டிவைத்த சிரட்டை சரியான அளவில்தான் இருக்கிறது. கத்தியைத்தான் பெரிதாகச் செய்திருக்கிறார். அவருக்கு அது அவ்வளவு பெரிதாக இருந்திருக்கிறது. உள்ளபடி, யானை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எங்கோ காலண்டரில் பார்த்துச் செய்தது போலிருக்கிறது. இந்த மனிதன் அப்படி இல்லை.

பலாவின் வைரத்தை, அதாவது நடுவிலுள்ள முற்றிய கட்டையை, பூச்சி எளிதில் தொடாது. வெளிப்பக்கத்து வெள்ளையைத்தான் அரிக்கும். பொம்மைகளுக்கு அடியில் மாவு மாதிரி பொடி விழுந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள், விழுந்தால் அந்தப் பொம்மையை மட்டும் தனியே வையுங்கள். பலா செதுக்கிய புதிதில் மஞ்சளாக இருக்கும், போகப்போகத் தவிட்டு நிறமாகும். எது முதலில் செய்தது என்று வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்கும்போதே அடியில் பென்சிலால் எண் போட்டுவிடுங்கள்.

விற்பது உங்கள் இஷ்டம். விற்றாலும் நான்காவதைக் கொடுக்காதீர்கள்.

அவருடைய பால்வெட்டுக் கத்தி வீட்டில் இருக்கிறதா? பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அதையும், நான்காவது படத்து மனிதனின் முதுகுப்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்.