வாசகர் கேள்வி–பதில்: வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி

கேள்வி: பொதுநல வழக்கு என்றால் நீதிபதிகள் பி.என்.பகவதி, வி.ஆர்.கிருஷ்ணய்யர் ஆகியோரின் பெயர்களையே இதுவரை கேட்டிருக்கிறேன். சட்டக் கல்லூரியில் படிக்கும் என் மகள், ‘பொதுநல வழக்குகளின் தாய்’ என்று கபிலா ஹிங்கோரானி என்பவரைக் குறிப்பிடுகிறாள். அவர் யார்? அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது?
– வாசகி, விருதுநகர்

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. நீதிபதி தாமாக வழக்கைத் தேடிச் செல்வது அரிது. யாராவது ஒருவர் மனுவை எடுத்துக்கொண்டு வந்து நின்றால்தான் அவர் பேச முடியும். 1979-இல் உச்ச நீதிமன்றத்தில் அப்படி வந்து நின்றவர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி. தீர்ப்பு எழுதியவரை நினைவில் வைத்துக்கொண்டு, மனுப் போட்டவரை மறந்துவிடுவது நம் பாடப்புத்தகங்களின் பழைய வழக்கம்.

அவர் 1927-இல் கென்யாவின் நைரோபியில் பிறந்தவர். பிரிட்டனின் கார்டிஃபில் சட்டம் பயின்றவர். இந்தியா வந்து, கணவர் நிர்மல் ஹிங்கோரானியுடன் உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றினார்.

1979 ஜனவரியில், எல்லைப் பாதுகாப்புப் படையின் முதல் தலைமை இயக்குநராக இருந்தவரும் அப்போது தேசியக் காவல் ஆணையத்தின் உறுப்பினருமான கே.எஃப்.ருஸ்தம்ஜி, பீகார் சிறைகளின் நிலையைப் பற்றி ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழில் எழுதினார். விசாரணையே தொடங்காமல் ஐந்து ஆண்டுகள், ஏழு ஆண்டுகள், சிலர் அதற்கும் மேலாக அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்கள் மீதான குற்றச்சாட்டுகளில் பல, மெய்ப்பிக்கப்பட்டிருந்தாலும் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ மட்டுமே தண்டனை கிடைக்கக்கூடிய சிறு குற்றங்கள். குற்றமே சுமத்தப்படாத பெண்களும் அங்கே இருந்தார்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்பதற்காகவும், சாட்சி சொல்லத் தேவைப்படுவார்கள் என்பதற்காகவும், ‘பாதுகாப்புக் காவல்’ என்ற பெயரில் அவர்களைச் சிறையிலேயே வைத்திருந்தார்கள். அந்தக் கட்டுரைகளை எத்தனையோ ஆயிரம் பேர் படித்து வருந்தியிருப்பார்கள். கபிலா அவற்றையே ஆதாரமாக இணைத்து, அடிப்படை உரிமைகளுக்காக உச்ச நீதிமன்றத்தை நேரடியாக நாட வழிசெய்யும் அரசியலமைப்பின் 32-ஆவது பிரிவின்கீழ், அடைத்து வைக்கப்பட்டவர்களை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் ஆட்கொணர்வு மனுவை உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார். கைதிகளில் ஒருவரான ஹுசைனாரா காத்தூன் என்ற பெண்ணின் பெயராலேயே அந்த வழக்கு இன்றும் அறியப்படுகிறது.

நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு 1979 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அடுத்தடுத்து ஆணைகள் பிறப்பித்தது. ஏழைகளிடம் ஜாமீன் தொகையும் ஜாமீன்தாரரும் கேட்டு அவர்களை உள்ளேயே வைத்திருப்பது அநியாயம் என்றது. ஜாமீன்தாரர் இல்லாமல், அவர்களே எழுதித் தரும் சொந்தப் பிணையில் விடலாம் என்றது. உச்சபட்சத் தண்டனைக் காலத்தைவிட அதிக நாள் சிறையில் கழித்துவிட்டவர்களை உடனே விடுவிக்கச் சொன்னது. விரைவான விசாரணை என்பது 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கியதே என்றும், வழக்கறிஞர் வைக்க இயலாதவருக்கு அரசு இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும் என்றும் உரைத்தது. இந்த வழக்கின் விளைவாக நாடு முழுவதும் ஏறத்தாழ 40,000 விசாரணைக் கைதிகள் விடுதலை பெற்றதாகச் சொல்லப்படுகிறது. ‘தாய்’ என்ற பெயர் வந்தது இதனால்தான்.

கேள்வி: கைதி வக்காலத்தில் கையெழுத்துப் போடாமல் ஒரு வழக்கறிஞர் எப்படி அவருக்காக வழக்குத் தொடுக்க முடியும்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அன்றைய நடைமுறைப்படி அது எளிதன்று. பாதிக்கப்பட்டவரே மனுதாரராக வர வேண்டும். ஆட்கொணர்வு மனு என்றால் உறவினரோ நண்பரோ வரலாம். கபிலாவுக்கோ அந்தக் கைதிகளை நேரில் பார்த்த பழக்கம்கூடக் கிடையாது. டெல்லியில் இருந்த ஒரு வழக்கறிஞருக்கும் பீகார் சிறையில் இருந்த அவர்களுக்கும் இடையே இருந்த ஒரே தொடர்பு, ஒரு செய்தித்தாளின் பக்கங்கள்.

வக்காலத்து வாங்கித் தர ஆள் இல்லாதவன், வழக்கறிஞரின் பெயர் தெரியாதவன், தன் வழக்கு எந்த நீதிமன்றத்தில் தூங்குகிறது என்பதே அறியாதவன் – இப்படிப்பட்டவனிடம் போய்க் கையெழுத்துக் கேட்பது, நீதி உனக்கில்லை என்று சொல்வதற்குச் சமம் என்பதே கபிலாவின் வழக்கு உணர்த்திய உண்மை. நீதிமன்றமும் அந்த மனுவை ஏற்றுக்கொண்டது. பிறருக்காக மூன்றாம் மனிதர் ஒருவர் நீதிமன்றத்தை நாடலாம் என்ற கோட்பாட்டை எஸ்.பி.குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாக வகுத்துரைத்தது 1981 டிசம்பர் மாத இறுதியில்தான். பாதை போடப்படுவதற்கு முன்பே அதில் நடந்தவர் என்று அவரைச் சொல்வது மிகையாகாது.

கேள்வி: அந்த ஒரு வழக்கோடு அவர் நின்றுவிட்டாரா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. பீகாரின் பாகல்பூரில், 1979–80 காலகட்டத்தில், குற்றவாளிகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களின் கண்களைக் காவல்துறையினர் ஊசியால் குத்தி அமிலம் ஊற்றிக் குருடாக்கிய கொடுமையை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றவரும் அவரே. கைதானவரை முதன்முதலாக நீதித்துறை நடுவர் முன் நிறுத்தும் வேளையிலேயே அவருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு, அதை நடுவரே எடுத்துச் சொல்ல வேண்டும், பணமில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்று 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான்.

என்னை மிகவும் உலுக்குவது ருதுல் ஷாவின் வழக்கு. முசாபர்பூர் அமர்வு நீதிமன்றம் அவரை நிரபராதி என்று விடுவித்த நாள் 1968 ஜூன் 3. சிறைக்கதவு அவருக்குத் திறந்த நாள் 1982 அக்டோபர் 16. குற்றமற்றவர் என்று தீர்ப்பான பிறகு பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் அவர் சிறையில் இருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, அவர் மனநலம் குன்றியிருந்தார் என்று அரசுத் தரப்பு சொன்ன விளக்கத்தை நீதிமன்றம் நம்பவில்லை. அவர் வெளியே வந்துவிட்டதால் ஆட்கொணர்வு மனுவுக்கு வேலை முடிந்தது என்று வழக்கை மூடியிருக்கலாம். கபிலா விடவில்லை, பறிபோன ஆண்டுகளுக்கு யார் பதில் சொல்வது என்று இழப்பீடு கேட்டு வாதாடினார். தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் தலைமையிலான அமர்வு, ஏற்கெனவே தரப்பட்ட 5,000 ரூபாயுடன் மேலும் 30,000 ரூபாய் வழங்க 1983 ஆகஸ்ட் 1 அன்று ஆணையிட்டது. பதினான்கு ஆண்டுகளுக்கு 35,000 ரூபாய் என்பது மிக மிகக் குறைவு என்றே நான் கருதுகிறேன். எனினும், அடிப்படை உரிமையைப் பறித்த அரசு அதற்காகப் பணம் கட்ட வேண்டும் என்று அடிப்படை உரிமைக்காகத் தொடுக்கப்படும் ரிட் மனுவிலேயே ஆணையிட முடியும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது; காவல் மரணங்களுக்கு இன்று நீதிமன்றங்கள் இழப்பீடு வழங்குவது அந்த அடித்தளத்தின் மேல் நின்றுதான்.

2003-இலும், சம்பளம் கிடைக்காமல் பட்டினியில் வாடிய பீகார் பொதுத்துறை நிறுவன ஊழியர்களுக்காக அவர் தொடுத்த வழக்கில், மாநில அரசு இடைக்காலமாக 50 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து.

கேள்வி: அவருக்கு உரிய மரியாதை கிடைத்ததா?
– வாசகி, சேலம்

பதில்: தாமதமாகக் கிடைத்தது. 2013 டிசம்பர் 30 அன்று அவர் காலமானார். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்ற நூலகத்தில் அவருடைய உருவப்படம் திறந்துவைக்கப்பட்டது; அங்கே அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் பெண் வழக்கறிஞர் அவர்.

கேள்வி: என் அண்ணன் மகன் ஒரு திருட்டு வழக்கில் கைதாகி ஓராண்டுக்கு மேல் சிறையில் இருக்கிறான். இதற்கு முன் அவன் மீது வழக்கே கிடையாது. வழக்கறிஞர் வைக்க எங்களுக்கு வசதி இல்லை. கபிலா அம்மையார் வாங்கித் தந்த உரிமைகள் எங்களைப் போன்றவர்களுக்கு இன்று எந்த வகையில் பயன்படும்?
– வாசகர், தேனி மாவட்டம்

பதில்: நேரடியாகவே பயன்படும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவை உங்கள் வழக்கறிஞரிடம் எடுத்துச் சொல்லுங்கள். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாவிட்டால், உச்சபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்த விசாரணைக் கைதியைப் பிணையில் விட வேண்டும்; முன்னர் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். சாதாரணத் திருட்டுக்கு உச்சபட்சத் தண்டனை மூன்று ஆண்டுகள் என்பதால், உங்கள் அண்ணன் மகனைப் போன்றவருக்கு ஓராண்டு முடிந்ததுமே இந்த உரிமை பிறந்துவிடுகிறது. வீட்டுக்குள் புகுந்து திருடியதாக வழக்கென்றால் தண்டனைக் காலம் மாறும். ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் இந்தச் சலுகை கிடைக்காது. ஆகவே, முதல் தகவல் அறிக்கையின் நகலில் எந்தப் பிரிவுகள் உள்ளன என்பதை முதலில் பாருங்கள். 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் இப்பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்ட்டில் தெளிவுபடுத்திவிட்டது. உரிய காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கே உண்டு. அதை நினைவூட்டி நீங்களும் ஒரு மனுக் கொடுங்கள்.

வழக்கறிஞரைப் பற்றிக் கவலை வேண்டாம். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு, வழக்கு எண்ணையும் கைதான தேதியையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நேரில் போக முடியாவிட்டால் 15100 என்ற இலவச எண்ணை அழையுங்கள்.